நடுவுல நிக்கிறவன்!

எக்ஸ்ட்ரா டைம்

கோல் போட்டவன் ஜெர்ஸியைக் கழற்றிச் சுத்திக்கிட்டே ஓடுவான். பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பரை டீமே தூக்கிக் கொண்டாடும். மறுநாள் பேப்பரில் இவங்க ரெண்டு பேர் போட்டோதான். ஆனா, அந்த கோலுக்கு மூணு பாஸ் முன்னாடி, மைதானத்து நடுவுல நின்னு, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு சந்துக்குள்ளே பந்தைத் தள்ளிவிட்டானே ஒருத்தன்... அவன் பேர் ஞாபகம் இருக்கா?

இருக்காது பாஸ். மிட்ஃபீல்டர் ஜாதகம் அப்படி!

இந்த வாரம் அப்படி ஒரு ஆளைப் பற்றித்தான் பேசப் போறோம். மிராலெம் ப்யானிச். போஸ்னியாக்காரர். டோட்டி, ரொனால்டோ, மெஸ்ஸி மூணு பேரோடும் ஒரே டீமில் ஆடியவர். ஆனாலும் உங்க ஹாஸ்டல் சுவரில் அவர் போஸ்டர் இருக்க வாய்ப்பு கம்மி. ஏன்னா, அவர் வேலை கோல் அடிக்கிறது இல்லை. பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னாடியே இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை, முதுகுக்குப் பின்னால் ஒரு பார்வை. பந்து வந்ததும் ஒரே தட்டு. அடுத்தவன் ஹீரோ!

இதில் வேடிக்கை என்னன்னா, மைதானத்தில் மட்டும் இல்லை, வாழ்க்கையிலும் அந்த மனுஷன் நடுவுலயேதான் நின்னார். ரெண்டு நாட்டுக்கு நடுவுல, மூணு இனத்துக்கு நடுவுல, ரெண்டு கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கு நடுவுல, கடைசியா ஒரு போருக்குப் பக்கத்துலயும்.

ஒரு அழுகை, ஒரு கையெழுத்து

1990 ஏப்ரல் 2. அப்போ யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு உலக வரைபடத்தில் இருந்தது. அதில் துஸ்லா என்ற ஊரில் ப்யானிச் பிறந்தார். அப்பா ஃபக்ருதீனும் கால்பந்து ஆட்டக்காரர்தான். மூணாவது டிவிஷனில் இருந்த த்ரீனா ஸ்வோர்னிக் என்ற கிளப்புக்கு ஆடினார். பெரிய ஸ்டார் இல்லை. ஆனா, காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு புரிஞ்சுக்கத் தெரிந்தவர். நாடு உடையப் போகுது, சண்டை வரப் போகுது, குடும்பத்தோட கிளம்பிடணும்னு முடிவு பண்ணினார்.

கிளம்பணும்னா கிளப் விடுவிப்புக் கடிதம் தரணும். கிளப் தர மறுத்தது. அதற்குப் பிறகு நடந்ததை ப்யானிச் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா நேராக கிளப் செயலாளரிடம் போனார். அவர் முடியாது என்றார். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் பார்த்து மனுஷன் மனசு இளகி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

சென்டிமென்ட் சீன் மாதிரி இருக்கில்ல? ஆனா அந்தக் கையெழுத்தோட மதிப்பு பின்னாடிதான் தெரிஞ்சது. 1992 ஏப்ரலில் ஸ்வோர்னிக் நகரம் செர்பியப் படைகளின் கைக்குப் போனது. போஸ்னிய முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கில் விரட்டப்பட்டார்கள். 1995-ல் போர் முடியும்போது போஸ்னியாவில் செத்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ப்யானிச் குடும்பம் அதற்குள் லக்ஸம்பர்க் போய்ச் சேர்ந்திருந்தது.

எந்த ஜெர்ஸி?

லக்ஸம்பர்க் பொடிசு நாடு. மொத்தப் பரப்பே 2,586 சதுர கிலோமீட்டர். அங்கே ஷிஃப்லாஞ்ச் என்ற ஊர் கிளப்பில் பையன் பந்து உதைக்க ஆரம்பித்தான். எல்லை தாண்டினால் பிரான்ஸ். அங்கே இருக்கிற மெட்ஸ் கிளப், சின்ன வயசுல திறமைசாலிகளைப் பிடித்துப் பட்டை தீட்டுவதில் கில்லாடி. 14 வயசில் ப்யானிச்சை அள்ளிக்கிட்டுப் போனது. 17 வயசில் சீனியர் டீம். 2008-ல் மெட்ஸ் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. பையன் மட்டும் மேலே ஏறினான். லியோன் கிளப் 75 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது.

இப்போ பெரிய கேள்வி. எந்த நாட்டுக்கு ஆடுவது?

லக்ஸம்பர்க் ஜூனியர் டீமில் ஏற்கெனவே ஆடியாச்சு. 2006-ல் அவங்க மண்ணிலேயே நடந்த 17 வயசுக்கு உட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையில் லக்ஸம்பர்க் போட்ட ஒரே கோல் ப்யானிச்சோடது. இன்னொரு பக்கம் பிரான்ஸ். உலகக் கோப்பை ஜெயித்த நாடு, பையனை வளர்த்த நாடு, அதுவும் கண் வைத்திருந்தது. மூணாவதா போஸ்னியா. ஒரு பெரிய போட்டிக்குக்கூட தகுதி பெறாத டீம். நல்ல மைதானம் இல்லை. சங்கத்தில் ஓயாத சண்டை. கரியர் கவுன்சலிங் போனா எந்த ஆலோசகரும் 'அந்தப் பக்கமே போகாதே தம்பி' என்றுதான் சொல்லியிருப்பார்.

ப்யானிச் அந்தப் பக்கம்தான் போனார்.

அதுவும் லேசுல நடக்கலை. போஸ்னியக் குடியுரிமை கைக்கு வருவதில் இழுபறி. கடைசியில் அந்த நாட்டு அதிபர் குழுவில் இருந்த ஜெல்கோ கோம்ஷிச் தலையிட்டுத்தான் காரியம் முடிந்தது. கோம்ஷிச் அந்தக் குழுவில் குரோட் இனத்தின் பிரதிநிதி. ப்யானிச் போஸ்னிய முஸ்லிம். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஊரில் ரெண்டு இனமும் சுட்டுக்கிட்டு நின்ன நாடு அது. இதைச் சாதாரண பாஸ்போர்ட் சமாசாரமா எடுத்துக்க முடியாது. 2008 ஆகஸ்ட் 20, பல்கேரியாவுக்கு எதிரா முதல் மேட்ச். வயசு 18!

பெர்னபாவில் ஒரு ராத்திரி

லியோனில் போன உடனே கால் எலும்பு முறிவு. பல வாரம் ஓய்வு. திரும்பி வந்தபோது பக்கத்திலேயே ஒரு வாத்தியார் இருந்தார். பிரேசில்காரர் ஜூனின்யோ. ஃப்ரீகிக் உலகத்தின் பல்கலைக்கழகம். லியோனுக்காக மட்டும் 44 ஃப்ரீகிக் கோல்!

ஃபிசிக்ஸ் பசங்களுக்கு ஒரு குறிப்பு. பந்தை ஓரமா வெட்டி அடிச்சா அது சுழலும். சுழன்றால் காற்று ஒரு பக்கம் தள்ளும், பந்து வளையும். உங்க சிலபஸில் வர்ற மேக்னஸ் விளைவு இதுதான். ஜூனின்யோவோட ஸ்பெஷல் இதுக்கு நேர் எதிர். சுழலே இல்லாம அடிப்பார். பந்தை ஒட்டிப் போற காற்று மாறி மாறிப் பிரியும். பந்து குடிகாரன் மாதிரி தள்ளாடிக்கிட்டே வரும். கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்வார், பாவம்? பயிற்சி முடிஞ்சு எல்லாரும் குளிக்கப் போனதும் ப்யானிச் இவரோட மைதானத்துல நின்னு கத்துக்கிட்டார். பின்னாளில் இவரோட பாணி வேற ஆச்சு. சுவருக்கு மேலே ஏறி, சட்டென்று இறங்கி, மூலையில் போய் விழும் வளைவுப் பந்து.

2009-ல் ஜூனின்யோ கிளம்பினார். அவரோட 8-ம் நம்பர் ஜெர்ஸி ப்யானிச்சுக்கு வந்தது. சீனியர் போட்ட நம்பரை ஜூனியர் போட்டால் கேன்டீனில் என்னென்ன பேசுவாங்க? அதெல்லாம் லியோனிலும் பேசியிருப்பாங்க.

பதில் 2010 மார்ச் 10-ம் தேதி வந்தது. சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட். மாட்ரிட்டின் பெர்னபா மைதானம். அந்த வருஷ ஃபைனலே அங்கேதான் நடக்கப் போகுது. அதில் ஆடியே ஆகணும்னு ரொனால்டோ, ககா என்று கோடி கோடியா கொட்டி வாங்கி வைத்திருந்தது ரியல் மாட்ரிட். ஆறாவது நிமிஷத்தில் ரொனால்டோ கோல். 75-வது நிமிஷம், 19 வயசு ப்யானிச் அடித்த கோலில் மைதானமே மூச்சு விட மறந்தது. மேட்ச் 1-1. முதல் மேட்சையும் சேர்த்து லியோன் வெற்றி. ரியல் மாட்ரிட் சொந்த வீட்டு ஃபைனலை டி.வி-யில் பார்த்தது!

மூணு தலைவர், ஒரு பந்து

அடுத்த வருஷம் போஸ்னிய டீமே காணாமல் போயிருக்கும். தோற்று இல்லை. சஸ்பெண்ட் ஆகி!

போருக்குப் பின் போஸ்னியாவுக்கு ஒரு விநோத அமைப்பு. நாட்டுக்கு ஒரு அதிபர் கிடையாது. போஸ்னிய முஸ்லிம், செர்பியர், குரோட் என மூணு பேர் கொண்ட குழு. கால்பந்துச் சங்கமும் அதே அச்சில் வார்த்தது. மூணு தலைவர், ஆளுக்குக் கொஞ்ச காலம் நாற்காலி. 'ஒரே தலைவர்தான் இருக்கணும்' என்றது ஃபிஃபா. சங்கம் ஒத்துக்கலை. 2011 ஏப்ரல் 1-ம் தேதி சர்வதேசப் போட்டிகளில் இருந்தே போஸ்னியாவை நிறுத்தி வைத்தார்கள். முட்டாள்கள் தினத்து ஜோக்குன்னு நினைச்சா, நிஜம்!

அப்போ வந்து நின்றவர் இவிட்சா ஓசிம். ஒன்றுபட்ட யூகோஸ்லாவியாவின் கடைசி பெரிய கோச். 1990 உலகக் கோப்பையில் அந்த அணியைக் காலிறுதி வரை கொண்டுபோனவர். 1992-ல் சொந்த ஊர் சராயேவோ மீது குண்டு விழுந்தபோது பதவியைத் தூக்கி எறிந்தவர். 2007-ல் பக்கவாதம் தாக்கிய உடம்போடு, எழுபதை நெருங்கும் வயசில், மூணு தரப்பு அரசியல்வாதிகளையும் போய்ப் பார்த்துப் பேசினார். மே மாசக் கடைசியில் தடை நீங்கியது. ஜூன் மாச மேட்சில் டீம் இறங்கியது. ஓசிம் 2022-ல் காலமானார். இந்தக் கதையில் ப்யானிச்சுக்கு முன்னாடியே நடுவுல நின்ன மனுஷன் இவர்.

அந்த டீமில் யார் யார் இருந்தாங்கன்னு பாருங்க. ஸ்ட்ரைக்கர் எடின் ஜெகோ, முற்றுகையில் இருந்த சராயேவோவில் வளர்ந்த பையன். வேதாத் இபிசெவிச், ஏழெட்டு வயசில் காட்டுக்குள் ஒளிந்து உயிர் பிழைத்து அமெரிக்கா வரை போனவர். கீப்பர் அஸ்மிர் பெகோவிச் ஜெர்மனி போய், அங்கிருந்து கனடா போனவர். மிசிமோவிச் பிறந்ததே ஜெர்மனியில், செர்பியக் குடும்பத்தில். போர் சிதறடித்த பசங்களை ஒரு ஜெர்ஸி ஒண்ணு சேர்த்திருந்தது.

போர்ச்சுகல்தான் இவங்களுக்கு வாய்த்த வில்லன். 2010 உலகக் கோப்பைக்கான பிளே-ஆஃபில் தோல்வி. 2012 ஐரோப்பியக் கோப்பை பிளே-ஆஃபில் மறுபடியும் அதே போர்ச்சுகல், 6-2. அரியர் எழுதி எழுதி மறுபடியும் அதே பேப்பரில் ஃபெயில் ஆன கதை!

2013 அக்டோபர் 15. லித்துவேனியாவின் கௌனாஸ் நகரம். 68-வது நிமிஷம் இபிசெவிச் கோல். 1-0. போஸ்னியா முதன்முறையாக உலகக் கோப்பையில்! சராயேவோ தெருக்கள் அன்று ராத்திரி தூங்கவில்லை.

2014 பிரேசில். மரக்கானாவில் அர்ஜென்டினாவிடம் 2-1 தோல்வி. நைஜீரியாவிடம் 1-0. அந்த மேட்சில் ஜெகோ போட்ட நியாயமான கோலை ஆஃப்சைடு என்று ரத்து செய்தார்கள். ரீப்ளேயில் பார்த்தால் ஆஃப்சைடு இல்லை. போட்டியில் இருந்து அவுட்! ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்கிற நிலையில் ஈரானோடு கடைசி மேட்ச். 3-1 வெற்றி. உலகக் கோப்பையில் போஸ்னியாவின் முதல் வெற்றி. அதில் ரெண்டாவது கோல் ப்யானிச்சோடது.

டைரக்டர் ப்யானிச்

2011-ல் லியோனில் இருந்து ரோமா. அஞ்சு வருஷம். 2015 ஆகஸ்டில் யுவென்டஸுக்கு எதிரா அவர் அடித்த ஃப்ரீகிக்கைப் பார்த்து கீப்பர் புஃபோன் நின்ற இடத்திலேயே நின்றார். அடுத்த வருஷமே அந்த யுவென்டஸ் 3.2 கோடி யூரோ கொடுத்து இவரை வாங்கிக்கொண்டது. ரோமா ரசிகர்கள் கொதித்தார்கள். எதிரி வீட்டுக்கா போனே?

யுவென்டஸில் கோச் அலெக்ரி இவரைக் கொஞ்சம் கொஞ்சமா பின்னால் இழுத்து, டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். அந்த இடத்தில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவருக்கு இத்தாலியில் 'ரெஜிஸ்டா' என்று பேர். சினிமா டைரக்டருக்கும் அங்கே அதே வார்த்தைதான்! ஸ்க்ரீனில் முகம் தெரியாது. ஆனா, ஒவ்வொரு ஷாட்டும் அவர் வைத்ததுதான்.

முன்னால் போய் கோல் போடும் வாய்ப்பு குறையுது. ரோமாவில் கடைசி சீசனில் லீக்கில் மட்டும் 10 கோல் போட்டவர். அந்தக் கணக்கு இனி வராது. ஆனாலும் ஒத்துக்கிட்டார். பலன்? நாலு வருஷம், நாலு இத்தாலி லீக் பட்டம். 2017 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். அதில் மட்டும் ரியல் மாட்ரிட் 4-1 என்று பழைய கடனை வட்டியோடு வசூலித்தது.

பி.காம் பசங்களுக்கு ஒரு கேள்வி

2020 ஜூன் 29. பார்சிலோனா ப்யானிச்சை 6 கோடி யூரோவுக்கு வாங்குது. யுவென்டஸ் பார்சிலோனாவின் அர்தூரை 7.2 கோடிக்கு வாங்குது. ப்யானிச்சுக்கு அப்போ 30 வயசு. அந்த வயசு மிட்ஃபீல்டருக்கு ஏன் இவ்வளவு விலை?

தேதியைப் பாருங்க. ரெண்டு கிளப்புக்கும் கணக்கு வருஷம் முடிவது ஜூன் 30. ஆட்டக்காரரை வாங்கினால் அந்தச் செலவை ஒப்பந்த காலம் முழுக்கப் பிரித்துப் பிரித்து எழுதலாம். 50 ரூபாய்க்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம்னா, வருஷத்துக்கு 10 ரூபாய்தான் செலவு. ஆனா விற்றால், புத்தக மதிப்பு போக மீதி முழுவதும் அந்த வருஷமே லாபம். ஆக, ரெண்டு பேரும் விலையைத் தூக்கி வைத்து ஆள் மாற்றிக்கொண்டால், கை மாறும் பணம் கொஞ்சம், ரெண்டு புத்தகத்திலும் லாபம் டாப்! இத்தாலியில் பின்னாளில் டிரான்ஸ்ஃபர் லாபக் கணக்குகளைத் தோண்டினார்கள். 2023-ல் யுவென்டஸுக்கு லீக்கில் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. செய்திகளில் இந்த டீலும் அடிபட்டது.

கணக்கு சரியா இருந்தது. ஆட்டம்? டீல் முடிந்து ரெண்டு மாசத்துக்குள் பார்சிலோனா பேயர்னிடம் 8-2 என்று நொறுங்கி, கோச் மாறினார். புதுசா வந்த கூமன் இவரைக் கேட்டு வாங்கியவர் இல்லை. பெஞ்ச்தான். லீக்கில் முதல் லெவனில் இறங்கிய மேட்சுகளை விரல் விட்டு எண்ணிடலாம். தனக்கு மரியாதை தரலைன்னு ப்யானிச் வெளிப்படையாவே குமுறினார். ஆறு கோடி யூரோ ஆள், தண்ணி பாட்டிலோட உட்கார்ந்திருந்தார்.

உங்க மார்க் ஷீட்டும் நாளைக்கு வரப்போற சம்பளப் பேக்கேஜும் இப்படித்தான் மக்களே. யாரோ எழுதற நம்பர். நீங்க எந்த டீமில், யார் கீழே ஆடப் போறீங்க என்பது அந்த நம்பரில் இருக்காது.

அந்த ரஷ்ய மேட்டர்

அப்புறம் துருக்கியில் பெஷிக்டாஷ், 2022-ல் ஷார்ஜா. அந்த வருஷம்தான் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. ரஷ்யாவோடு மேட்ச் ஆட ஐரோப்பாவில் பல நாடுகள் தயாரில்லை. போஸ்னியச் சங்கமோ ஒரு நட்பு மேட்சுக்குத் தலையாட்டியது. 'இது நல்ல முடிவு இல்லை' என்று முதலில் எதிர்த்தவர்களில் ப்யானிச்சும் ஜெகோவும் உண்டு. கடைசியில் மேட்ச் நடக்கவில்லை. சபாஷ் என்றோம்.

2024-ல் அதே ப்யானிச், மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ கிளப்பில் சேர்ந்தார். சோவியத் காலத்தில் ராணுவத்தின் கிளப்பாக இருந்தது அது. போர் ஓயவில்லை. ஒரு சீசன் ஆடினார். 2025-ல் அந்தக் கிளப் ரஷ்யக் கோப்பையையும் ஜெயித்தது.

நாட்டுக்காக மேட்ச் ஆடுவது வேற, பிழைப்புக்காக கிளப்பில் ஆடுவது வேற என்று அவர் பக்கம் பேசலாம். ஒரு கையெழுத்தால் போரில் இருந்து தப்பித்த குழந்தை, போர் நடத்தும் நாட்டில் இன்னொரு கையெழுத்தைப் போடலாமா என்றும் கேட்கலாம். என் ஓட்டு ரெண்டாவது கேள்விக்குத்தான். 18 வயசில் பிரான்ஸை விட்டுவிட்டு போஸ்னியாவைத் தேர்ந்தெடுத்த பையன் மேல் வைத்த மரியாதையாலதான் இந்தக் கேள்வியே வருது. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒரு ராத்திரி சண்டை போட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு, நல்லவன் கெட்டவன்னு ஒரே வார்த்தையில் முடிக்காதீங்க. நடுவுல நிக்கிறவனுக்கு நாலு பக்கமும் பந்து வரும். எல்லா பாஸும் சரியா போகாது.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது ஒரு பத்து நிமிஷம் பந்தை விட்டுட்டு, நடுவுல நிக்கிறவன் தலையை மட்டும் பாருங்க. எத்தனை தடவை திரும்புது, எப்போ திரும்புதுன்னு எண்ணுங்க. ஆட்டமே வேற மாதிரி தெரியும்!

கார்னர் கிக்

* போஸ்னிய அணிக்காக 100 மேட்சுக்கு மேல் ஆடியவர் ப்யானிச்.

* போஸ்னியன், லக்ஸம்பர்கிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இங்கிலீஷ், இத்தாலியன்... இத்தனை மொழி பேசுவார். ரெஃபரியோடு எந்த மொழியிலும் சண்டை போடலாம்!

* உலகக் கோப்பையில் போஸ்னியாவின் முதல் கோலைப் போட்டவர் இபிசெவிச். 2014 ஜூன் 15, அர்ஜென்டினாவுக்கு எதிராக, மரக்கானாவில்.

விசில் ஊதியாச்சு. அடுத்த வாரம் வேற கிரவுண்டில் பார்ப்போம்!